வடக்குச் சுவரில் ஏழு மணி

இப்போதெல்லாம் எவன் நாயைக் காவலுக்கு வளர்க்கிறான்? பிஸ்கட் வாங்கிப் போடுகிறான், மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறான், அதற்கு விளையாட்டுச் சாமான் வேறு வாங்கி வருகிறான். அடுத்த வீட்டுக்காரன் காய்ச்சலில் கிடந்தால் எட்டிப் பார்க்க நேரமில்லை. நாய் வாலை ஆட்டியதா என்று பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது.

அமிர்தராஜ் இதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. விடிந்தும் விடியாததுமாக ஆட்டுக்கொட்டடி முன்னால் நின்று, வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

“பல்லு வெளக்குனீகளாப்பா? அதுக்குள்ள பிரசங்கமா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மகள் அஷ்லின். அருப்புக்கோட்டையில் ஒரு டெலிபோன் பூத்தில் வேலை. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“நீ வாங்கியாந்த லைட்டுச் சனியனைத்தான் சொல்றேன்.”

“அந்தச் சனியன் வந்த பெறவுதான் நாய் எந்திரிச்சுச்சு. மறந்துட்டீகளா?”

அவர் மறக்கவில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம்.

மகன் ரூபன் போய் அன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். பந்தல்குடி தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் உப்பு லோடு ஏற்றிய லாரி கவிழ்ந்தது. ஓட்டியவன் அவன். கல்யாணமாகி இரண்டு வருசம், பிள்ளை இல்லை. பெண்டாட்டி ஜெப ஷீலாவையும், கருவாயன் என்கிற நாயையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். குட்டியாக இருந்தபோது அதை லாரி கேபினில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

ரூபன் வீட்டில் இருக்கிற நாளில் காலைச் சவரம் வாசற்படியில்தான். முகத்தில் நுரையோடு உட்கார்ந்து, கைக்கண்ணாடியைச் சாய்த்து, எதிரே கொட்டடிச் சுவரில் விழுந்து கிடக்கிற நிழலுக்குள் வெயிலைப் பாய்ச்சுவான். வட்டமாக வெளிச்சம் ஓடும். நாய் தாவும். ஒருநாள் அது அவன் மடிமேலேயே வந்து விழுந்ததில் கண்ணாடி தவறி, ஓரத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. அதற்குப் பிறகு சுவரில் விழுகிற வட்டமும் யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த தோசை மாதிரிதான் இருக்கும். சவரம் முடிகிறபோது அந்த வெளிச்சம் மெல்ல இறங்கி, சுவரடியில் அவன் முன்கூட்டியே போட்டு வைத்த கருவாட்டுத் தலையில் போய் நிற்கும். நாய் அதைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அவன் போன அன்றிலிருந்து கருவாயன் அந்தச் சுவரடியிலேயே படுத்தது. கஞ்சி ஊற்றினால் ஈ மொய்த்தது. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. நாய் வெளியே அப்படி என்றால், ஷீலா உள்ளே அப்படி.

இருபதாம் நாளோ என்னவோ, அஷ்லின் பஸ் ஸ்டாண்டில் புதிதாக விற்க வந்திருந்த லேசர் லைட்டு ஒன்றை வாங்கி வந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். பொத்தானை அமுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி எவ்வளவு தூரத்திலும் போய் உட்காரும். முதல் நாள் நாய் காதை மட்டும் தூக்கியது. மறுநாள் எழுந்து நின்றது. மூன்றாம் நாள் ஓடியது. நாக்குத் தொங்க ஓடிவிட்டு ஒரு சட்டிக் கஞ்சியை நக்கித் தீர்த்தது. அதைப் பார்த்து ஷீலா சிரித்துவிட்டாள். சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அமிர்தராஜ் ஆட்டுக்குக் குழை கட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நல்லது நடந்தது அந்தமட்டுக்குத்தான்.

பத்தே நாளில் நாய்க்கு வேறெதுவும் கண்ணில் படாமல் போனது. டம்ளர் பளபளத்தால் பாய்ந்தது. குடத்துத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் அலையடித்தால் அண்ணாந்து குரைத்தது. கிடையில் புதிதாக ஈன்ற குட்டியை நரி தூக்கிப்போனபோது, காவல் காக்க வேண்டிய நாய் ஒரு சைக்கிள் ரிம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸின் முன்கண்ணாடியில் வெயில் அடித்ததைப் பார்த்து நேரே ஓடிவிட்டது. டிரைவர் பிரேக் போட்டு, இறங்கி வந்து, அமிர்தராஜின் தாய் தகப்பன் வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனான்.

இப்போது புதிதாக இன்னொன்று. தினமும் ஏழு மணி சுமாருக்கு வீட்டுக்குள் ஓடி, முன்னறையின் வடக்குச் சுவரைப் பிறாண்டுகிறது. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. முன்னங்கால் நகம் இரண்டு பிய்ந்து ரத்தம்.

அதைவிடப் பெரிய சங்கதி ஷீலா. அவள் தகப்பனார் வருகிற வெள்ளிக்கிழமை வந்து அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். நேற்று அவள் அமிர்தராஜிடம் சொன்னாள்: “நான் போகல மாமா. அவுக தெனம் ஏழு மணிக்கு வாராக. சுவத்துல வெளிச்சமா வந்து நிக்காக. நாய்க்குத் தெரியுது. எனக்கும் தெரியுது.”

அவள் போனால் வீடு வெறும் வீடாகிவிடும். அது அவருக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு சுவரை நம்பி ஒருத்தி இருக்கலாமா?

அன்றைக்கு ஆட்டுக்குத் தடுப்பூசி போடக் கால்நடை டாக்டர் ஊருக்கு வந்திருந்தார். திருச்சுழிப் பக்கத்து ஆள், சுந்தரபாண்டி என்று பெயர். மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகுமுன் போட்டுவிட வேண்டும் என்று ஆறரைக்கே கொட்டடியில் நின்றார். இருபத்திரண்டு ஆட்டுக்கும் போட்டு முடித்ததும் அஷ்லின் நாயைக் கயிற்றோடு இழுத்து வந்தாள்.

“சார், இதையும் ஒரு பார்வை பாத்துருங்க.”

டாக்டர் குந்தி உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். அவர் கைக்கடிகாரம் மின்னியதும் நாயின் உடம்பு முழுக்க விறைத்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“யாரு வெளையாட்டுக் காட்டுறது?”

அஷ்லின் விசயத்தைச் சொன்னாள். சுவர்க் கண்ணாடி முன்னால் நிற்கிறவள் மாதிரி சீப்பைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்.

“தப்புன்னு சொல்ல மாட்டேன்மா,” என்றார் டாக்டர். “படுத்த நாயை எந்திரிக்க வச்சிருக்கு. ஓடுனா ஒடம்புக்கு நல்லது, பசி எடுக்கும், நல்லாத் தூங்கும். நம்மகூட ஒரு மனுசர் வெளையாடுறாகன்னு அதுக்கும் தெம்பு. ஆனா நாய் எதைத் தொரத்துனாலும் வாயில புடிக்கத்தான் தொரத்தும். முயல் தப்பிச்சாக்கூடப் பொந்தை மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துரும். வெளிச்சத்துக்கு வாடையும் இல்ல, பொந்தும் இல்ல. எங்கிட்டுப் போச்சுன்னே தெரியாம மண்டைக்குள்ளயே தொரத்திக்கிட்டுக் கெடக்கும். எல்லா நாயும் இப்படி ஆயிராது. சிலது ஆயிரும். ஆனதைத் திருப்புறது லேசுல்ல.”

அமிர்தராஜுக்குப் படித்தவன் பேச்சில் நம்பிக்கை கிடையாது. இதே டாக்டர் போன வருசம் பிழைக்கும் என்று சொன்ன கிடாய் பிழைக்கவில்லை.

“எம் மகன் ரெண்டு வருசமாக் காட்டுனான். அப்ப இந்த நோவு வரலியே?”

“எப்படிக் காட்டுவாரு பெரியவரே?”

அமிர்தராஜ் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். கண்ணாடி, சுவர், கடைசியில் கருவாட்டுத் தலை.

டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “அப்ப அவருக்குப் பக்குவம் தெரிஞ்சிருக்கு. கடைசியில ஒண்ணைக் கடிச்சுத் திங்கக் குடுத்திருக்காரு. ஆட்டம் முடிஞ்சுதுன்னு நாய்க்குத் தெரியும். இந்தப் புள்ள முடிக்காம முடிக்காம விட்டிருக்கு.”

அஷ்லினின் உதடு கோணியது. “நான் நிப்பாட்டிட்டேன் சார். கண்டதையும் தொரத்த ஆரம்பிச்சதுமே நிப்பாட்டிட்டேன். நாலு நாளு அடங்கித்தான் கெடந்துச்சு. அண்ணனோட நாப்பதாம் நாளு ஜெபம் முடிஞ்சு, மறுநாள்லருந்து இந்தச் சுவத்துல ஏறுது.”

“அந்தச் சுவத்துல வெளிச்சம் ஏதும் விழுதா?”

“மதினி விழுதுன்னு சொல்றாக.”

“எங்கேருந்து?”

அஷ்லின் தகப்பனைப் பார்த்தாள். ஒரு ஆடு தும்மியது.

“எங்கேருந்துன்னு பாத்து, முதல்ல அதை அடைங்க. அந்த லைட்டைத் தூக்கிப் போடுங்க. யாரு கண்ணுலயாவது அடிச்சா அது வேற வம்பு. ஓடணும்னா ஒரு தேங்காமட்டையை வீசிப் பழக்குங்க, அது வாயில அகப்படும். ஒண்ணுஞ் செய்யலேன்னா, இன்னொரு நாளு பஸ்ஸுக்காரன் பிரேக் போடமாட்டான்.”

டாக்டர் அடுத்த வீட்டுக்குப் போனார். அஷ்லின் பைக்குள்ளிருந்து லேசர் லைட்டை எடுத்துத் தகப்பன் கையில் வைத்தாள். “நீங்களே எங்கயாவது போட்டுருங்கப்பா. எனக்குக் கை வரல.” பஸ் ஹாரன் கேட்டது. நாய்க் கயிற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

அவர் அதை மடியில் முடிந்துகொண்டார். தேங்காய்மட்டையாம். நாய்க்குத் தேங்காய்மட்டை வீசவா ஒரு மனுசன் இத்தனை வயசு வரைக்கும் இருந்தான்?

அப்போதுதான் கயிறு கையைப் பிய்த்துக்கொண்டு போனது.

கருவாயன் ஒரே ஓட்டம். வாசல், படி, உள்ளே. பிறகு சுவரில் நகம் உராய்கிற சத்தம். பல் கூசுகிற சத்தம்.

அமிர்தராஜ் உள்ளே போனார். இந்த ஒரு வாரமும் அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. ஆடு, குழை, தண்ணீர் என்று ஏதாவது சாக்கு இருக்கும். டாக்டர் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். அவர் பார்த்ததே இல்லை. பார்க்கப் பிரியமும் இல்லை.

முன்னறையில் ஷீலா முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வடக்குச் சுவர். சுவரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் இருந்தது. பொய் சொல்ல முடியாது, இருந்தது. வெளிறிப்போய், நீளவாக்கில், தண்ணீருக்குள் கிடக்கிற வேட்டி மாதிரி. அசைந்தது. நின்றது. திரும்ப அசைந்தது.

அமிர்தராஜ் ஓரெட்டுப் பின்வாங்கினார்.

“பாத்தீகளா மாமா,” என்றாள் ஷீலா. குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னைக்கு உங்களுக்கும் காட்டுறாக.”

நாய் தாவியது, வழுக்கி விழுந்தது, திரும்பத் தாவியது. சுவரில் ரத்தக் கோடு.

அவர் ஜெபம் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் ஐம்பது வருசமாகப் பொய் எடைக் கல்லையும் போலி விதையையும் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்ட புத்தி. அது ஜெபத்துக்கு முன்னால் முந்திக்கொண்டது. வெளிச்சம் தானாக வருமா? வாசலைப் பார்த்தார். கிழக்கு வாசல். வெயில் நிலைப்படிக்கு மேலாகப் படுக்கைவசமாக உள்ளே வந்து, எதிர்ச்சுவர் மூலையில் முட்டியது. அந்த மூலையில் ரூபன்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு டவுன் ஸ்டுடியோவில் பெரிசுபண்ணி, பிரேம் போட்டு, கண்ணாடி பதித்து மாட்டிய போட்டோ. மரப்பட்டை மாலை, கீழே ஒரு சீரோ வாட்ஸ் பல்பு. வருகிறவர்கள் முகம் பார்க்கட்டும் என்று எல்லா வீட்டிலும் மாட்டுகிற மாதிரிக் கயிற்றில் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்தது. ஆணி அடித்தவர் அமிர்தராஜேதான். கால் மணி நேரம் வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுச் சாய்ந்து வடக்குச் சுவரில் விழுகிறது. காற்றில் போட்டோ ஆடினால் வெளிச்சமும் ஆடுகிறது.

அவர் போட்டோ முன்னால் கையை நீட்டினார். சுவரில் கை நிழல் விழுந்தது.

ஷீலா பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாதவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

“எடுக்காதீக மாமா.”

“நாய் செத்துரும்.”

“எடுக்காதீக.”

அவர் மகனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல், இரண்டு கையாலும் பிரேமைத் தூக்கிக் கயிற்றை ஆணியிலிருந்து கழற்றினார். போட்டோவைச் சுவரைப் பார்த்துத் திருப்பித் தரையில் சாய்த்து வைத்தார்.

வெளிச்சம் போய்விட்டது.

கருவாயன் வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றது. இரண்டு தரம் முகர்ந்தது. பிறகு முனகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது.

“இது கண்ணாடி, தாயி,” என்றார். அதற்குமேல் பதமாகப் பேச அவருக்கு வராது. “வெறுங் கண்ணாடி.”

“அதுவும் பொறுக்கலையா உங்களுக்கு?” ஷீலா எழுந்து நின்றாள். “அவுக சட்டையெல்லாம் குடுத்துட்டீக. செருப்பைக் கெணத்துமேட்டுல எரிச்சீக. இதையும் மண்ணுக்குள்ள போட்டு மூடிருங்க. சவரக் கண்ணாடியாவது மிஞ்சும்னு நாப்பது நாளாத் தேடுறேன். அது எங்க மாமா?”

“எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு ஊசி எடம் மாறாது.”

“கஞ்சி ஆறுது. போய்க் குடி.”

“குடிக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க வீட்டுக் கஞ்சி. அப்பா வாராக. நான் பெட்டி கட்டுறேன்.”

இரு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. “கட்டு,” என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் பின்னறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம், மூடி திறந்து சுவரில் மோதுகிற சத்தம்.

கண்ணாடி எங்கே என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமே தெரியும். சவப்பெட்டியை மூடுகிறதுக்கு முன்னால், சபை ஐயர் வேதபுத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, கோடித்துணிக்கு அடியில் மகனின் இடது கைப்பக்கம் அதை வைத்தவர் அவர். தினம் அவன் தொட்ட சாமான். வீட்டில் கிடந்தால் ஒருநாள் அதில் தன் முகம் தெரியும் என்ற பயம். ஆணி அடிக்கிற வரைக்கும் பெட்டிப் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. மண் விழுகிறதையும் பார்த்தார்.

வெளியே வந்தார். கொட்டடிப் படலைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டார். கம்பை எடுத்தார். கருவாயன் முற்றத்தின் நடுவே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

நக்குவதை நிறுத்தியது.

அமிர்தராஜ் அது பார்த்த இடத்தைப் பார்த்தார். கொட்டடிச் சுவர். காலை நிழல் இன்னும் அதில் முழுசாகக் கிடந்தது. அந்த நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சம். வெளிறினது இல்லை, நீளவாக்கில் இல்லை. கூர்மையாக, வட்டமாக, ஓரத்தில் ஒரு கடி கடித்த மாதிரி.

அவர் கை மடியைத் தடவியது. லேசர் லைட்டு முடிச்சில் அப்படியே இருந்தது.

திரும்பி வாசற்படியைப் பார்த்தார். படி வெறுமையாகக் கிடந்தது. வெயில்தான் உட்கார்ந்திருந்தது. பின்னறையில் ஷீலா துணியை உதறி உதறிப் பெட்டியில் வைக்கிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அஷ்லின் ஏறிய பஸ் இந்நேரம் பாதித் தூரம் போயிருக்கும். கூரையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார். தகரம் இல்லை, தண்ணீர் இல்லை, மனுசர் இல்லை.

நாய் பாயவில்லை. குரைக்கவில்லை. உட்கார்ந்தபடியே வாலால் தரையைப் பெருக்கியது. லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் ஆட்டுகிற ஆட்டம்.

வெளிச்சம் இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் ஓடியது. அவசரமில்லாமல், ஒருத்தன் தாடையின் ஒரு பக்கத்தை வழித்துவிட்டு மறுபக்கம் திரும்புகிற நேரம் எடுத்துக்கொண்டு. பிறகு மெல்ல இறங்கிச் சுவரடிக்குப் போய் நின்றது.

கருவாயன் எழுந்தது. நொண்டிக்கொண்டே போய் அந்த இடத்தில் தலையைக் குனிந்தது.

“ஏலே, வா இங்கிட்டு,” என்றார் அமிர்தராஜ். குரல் அவர் நினைத்த மாதிரி வரவில்லை.

நாய் வரவில்லை. வெளிச்சம் போய்விட்டிருந்தது. சுவரடியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. முள்ளும் மண்டையும் நொறுங்குகிற மாதிரி, கறுக் கறுக்கென்று மெல்லுகிற சத்தம். சாவு விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கருவாடு வாங்கவில்லை.

பத்தடி நடந்தால் பார்த்துவிடலாம்.

பின்னறைச் சத்தமும் நின்றிருந்தது. ஷீலா வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் மடித்த சேலை ஒன்று.

“மாமா, நாய் என்னத்தத் திங்குது?”

“நாய் என்னத்தத்தான் திங்காது?”

“சுவத்துல இப்ப ஏதோ...”

“ஒடஞ்ச கண்ணாடி ஊருக்குள்ள ஒண்ணுதானா இருக்கு?”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவள் கண்ணாடி என்று இப்போது கேட்கவே இல்லை. சேலையைப் பிடித்தபடி அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அமிர்தராஜ் அதற்குமேல் நிற்கவில்லை. கம்பைத் தோளில் போட்டு, ஆடுகளை ‘ஹேய்’ என்று அதட்டி, கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தார். வெளிச்சமாம், வருகிறானாம். டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை, மருமகள் சொல்வதையும் நம்பவில்லை, தன் கண் பார்த்ததையும் நம்புவதாக இல்லை.

மெல்லுகிற சத்தம் வேலி தாண்டுகிற வரைக்கும் பின்னாலேயே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.